காஸ்மிக் கதிர்ச் செறிவின் மாறுபாடுகள்

விண்வெளியிலிருந்து ஓயாமல் புவியின்மேல் வந்து விழும் ஆற்றல் மிக்க துகள்களின் எண்ணிக்கை எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. ஓரிடத்தில்கூட எல்லா நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த ஏற்ற இறக்கங்களே காஸ்மிக் கதிர்ச் செறிவின் மாறுபாடுகள் எனப்படும். காஸ்மிக் கதிர்கள், அதாவது அண்டக் கதிர்கள், பெரும்பாலும் அணுக்கருக்கள். அவற்றில் ஏறக்குறைய 90 சதவீதம் புரோட்டான்கள், 9 சதவீதம் ஹீலியம் கருக்கள். மீதி, எடை மிகுந்த தனிமங்களின் கருக்கள். மின்னூட்டம் உள்ளவை என்பதால் காந்தப்புலத்தில் அவற்றின் பாதை வளையும். தரைக்கு வருமுன் அவை இரண்டு காந்தப்புலங்களைக் கடந்தாக வேண்டும். ஒன்று, சூரியக் காற்றோடு கோள்களுக்கு அப்பாலும் பரவும் சூரியனின் காந்தப்புலம். மற்றது, புவியின் சொந்தக் காந்தப்புலம். இடத்தால் வரும் மாறுபாட்டுக்குப் புவிக்காந்தமும் காலத்தால் வரும் மாறுபாட்டுக்குச் சூரியனும் காரணம் என்பது பொது விதி. இந்த விதி தெளிவாவதற்கு 1927 முதல் 1960 வரை ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. விதிக்கு அடங்காத நிகழ்ச்சிகளும் உண்டு. அவற்றுள் பெரிதும் பேசப்பட்ட ஒன்று 2015இல் உதகமண்டலத்தில் பதிவானது.

தொடக்க கால ஆய்வுகள்

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், காற்றுப் புகாதபடி மூடி வைத்த மின்காட்டியும் தானாகவே மின்னிறக்கம் அடைவது ஆய்வாளர்களுக்குப் புதிராக இருந்தது. நிலத்திலுள்ள கதிரியக்கப் பொருள்களே காரணம் என்று பொதுவாகக் கருதினர். அப்படியானால் உயரே போகப் போக விளைவு குறைய வேண்டும். ஜெர்மானியப் பாதிரியார் தியோடர் வுல்ஃப் 1910இல் பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தின் உச்சியில் அளந்து பார்த்தார். எதிர்பார்த்த அளவு குறையவில்லை. ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் 1912இல் பலூனில் பலமுறை மேலேறினார். ஆகஸ்ட் 7ஆம் நாள் 5,300 மீட்டரையும் தாண்டிச் சென்றபோது அயனியாக்கம் தரையில் இருந்ததைவிடத் தெளிவாக அதிகரித்திருந்தது. கதிர் மேலிருந்து வருகிறது என்பது உறுதியானது. இதற்காக அவருக்கு 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெஸ்ஸின் மற்றொரு பயணம் இக்கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. 1912 ஏப்ரல் 17இல் சூரிய கிரகணத்தின்போது அவர் பலூனில் ஏறினார். நிலவு சூரியனை மறைத்த வேளையிலும் கதிர்வீச்சு குறையவில்லை. இரவில் ஏறியபோதும் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே இக்கதிர்களின் பிறப்பிடம் சூரியன் அல்ல என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவு சரியானதே. ஆனால் அதன் விளைவாக, காஸ்மிக் கதிர்களுக்கும் சூரியனுக்கும் தொடர்பே இல்லை என்ற எண்ணமும் வேரூன்றியது. அதைக் களைய கால் நூற்றாண்டு ஆயிற்று. கதிர்களைப் பிறப்பிக்காத சூரியன் அவற்றின் வருகையை மட்டும் தடுக்கவோ தளர்த்தவோ கூடும் என்று அப்போது எவரும் நினைக்கவில்லை.

அகலாங்கு விளைவு

செறிவு இடத்துக்கு இடம் மாறுவதை முதலில் கண்டவர் யாக்கோப் கிளே. நெதர்லாந்து நாட்டவரான இவர் ஜாவாவின் பாண்டுங் நகரில் பணியாற்றினார். 1927இல் ஜாவாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் திரும்பும்போது அயனியாக்கக் கலம் ஒன்றைக் கூடவே எடுத்துச் சென்று வழியெல்லாம் அளந்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் கதிர்வீச்சு ஐரோப்பியக் கடற்கரையில் இருந்ததைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அடுத்த ஆண்டுகளில் மீண்டும் பயணம் செய்து அதையே உறுதிப்படுத்தினார். முதலில் பலர் நம்பவில்லை. காரணம், காஸ்மிக் கதிர் என்ற பெயரையே வழங்கிய ராபர்ட் மில்லிகன் அவை மின்னூட்டமற்ற ஒளியன்கள் என்று அழுத்தமாகக் கூறிவந்தார். ஒளியன்களைப் புவிக்காந்தம் வளைக்காது. எனவே அகலாங்கைப் பொறுத்து அவை மாற வழியில்லை.

இந்தப் பூசலைத் தீர்த்தவர் ஆர்தர் காம்ப்டன். 1932இல் ஒரே வகைக் கருவிகளைப் பல குழுக்களிடம் கொடுத்து உலகெங்கும் அனுப்பினார். மலையுச்சிகள், தீவுகள், துருவத்தை ஒட்டிய ஊர்கள் எனப் பல இடங்களில் அளவெடுத்தனர். காந்த நிலநடுக்கோட்டில் குறைவு, உயர் காந்த அகலாங்கில் மிகுதி என்ற கிளேயின் முடிவே எங்கும் வெளிப்பட்டது. மில்லிகனுக்கும் காம்ப்டனுக்கும் நடந்த விவாதம் அக்காலச் செய்தித்தாள்களின் முதல் பக்கம்வரை வந்தது. மில்லிகன் பின்னர் இசைந்தார். 1936இல் வான்கூவருக்கும் சிட்னிக்கும் இடையே ஓடிய ஆவுராங்கி என்ற பயணிகள் கப்பலில் காம்ப்டன் ஒரு கருவியை வைத்தார். அது ஒவ்வொரு பயணத்திலும் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தாண்டிப் பதிவு செய்தது. காந்த அகலாங்கு சுமார் 40 பாகைக்கு மேல் போனால் கடல்மட்டச் செறிவு அதற்குமேல் உயராமல் நின்றுவிடுவதை அப்பதிவுகள் தெளிவாகக் காட்டின. அந்த அகலாங்குக்கு அப்பால் நுழைவைத் தடுப்பது காந்தமல்ல, காற்றுமண்டலம்தான்.

இதற்கான கணக்கு முன்பே போடப்பட்டிருந்தது. நார்வேயின் கார்ல் ஸ்டோர்மர் துருவ ஒளியை விளக்குவதற்காக 1904 முதல் பல ஆண்டுகள், காந்த இருமுனைப் புலத்தில் மின்னூட்டத் துகளின் பாதைகளைக் கையாலேயே கணித்து வந்தார். துருவ ஒளிக்கு அது முழுமையாகப் பொருந்தவில்லை. காஸ்மிக் கதிருக்குப் பொருந்திற்று. 1933இல் ஜார்ஜ் லெமேத்தரும் மானுவேல் வயார்த்தாவும் அதை விரிவாக்கினர். இந்தக் கோட்பாட்டின் மையச் சொல் காந்த விறைப்பு. துகளின் உந்தத்துக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தால் இதை அளப்பர், அலகு கிகாவோல்ட். விறைப்பு மிகுந்த துகள் எளிதில் வளையாது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு திசைக்கும் ஒரு வரம்பு விறைப்பு உண்டு. அதற்குக் கீழ்ப்பட்ட துகள் அங்கு வந்து சேராது. துருவங்களில் இவ்வரம்பு கிட்டத்தட்டச் சுழி. பின்லாந்தின் ஓலுவில் 0.8 கிகாவோல்ட். தென்னிந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அது ஏறத்தாழ 17 கிகாவோல்ட்டை எட்டுகிறது. உலகிலேயே மிக உயர்ந்த அளவு இதுதான். புவியின் காந்த இருமுனை புவி மையத்திலிருந்து சற்று விலகியிருப்பதால், நிலநடுக்கோட்டின் மற்றப் பகுதிகளில் வரம்பு இதைவிடக் குறைவு. ஆகவே தமிழகத்தின் மேல் நேர் மேலிருந்து வந்து விழும் புரோட்டான் ஒவ்வொன்றும் புவிக்காந்தத்தின் மிகக் கடுமையான தடையைத் தாண்டி வந்ததாகும்.

இதே கோட்பாட்டிலிருந்து மற்றொரு முன்னறிவிப்பும் பிறந்தது. கதிர்கள் நேர்மின் துகள்களானால் மேற்கிலிருந்து வருபவை கிழக்கிலிருந்து வருபவற்றைவிட அதிகமாக இருக்க வேண்டும். 1933இல் மெக்சிகோ நகரில் தாமஸ் ஜான்சன் ஒருபுறமும் லூயி அல்வாரெஸும் காம்ப்டனும் மறுபுறமும், அதே ஆண்டில் எரித்ரியாவின் அஸ்மாராவில் புருனோ ரோசியும் எண்ணிகளைச் சாய்த்து வைத்து இதை அளந்தனர். மேற்கே வென்றது. முதன்மைக் காஸ்மிக் கதிர்கள் பெரும்பாலும் நேர்மின்னூட்டம் கொண்டவை என்பது இப்படித்தான் முதலில் தெரியவந்தது.

ஃபோர்புஷும் காலம் சார்ந்த மாறுபாடுகளும்

காலத்தால் வரும் மாறுபாட்டைக் கண்டறிவது இதைவிடக் கடினம். மாற்றம் சில சதவீதம்தான். அதைவிடப் பெரிய மாற்றத்தை வானிலையே உண்டாக்கும். இத்துறையின் முன்னோடி அமெரிக்காவின் ஸ்காட் ஃபோர்புஷ். கார்னெகி நிறுவனத்தின் புவிக்காந்தத் துறையில் பணியாற்றிய இவர், 1929இல் சமோவாவின் ஏபியா துறைமுகத்தில் வெடித்து அழிந்த கார்னெகி ஆய்வுக் கப்பலில் பணியாற்றியவர். தனித்த மேதைமைக் கருதுகோள் எதையும் அவர் முன்வைக்கவில்லை. நீண்ட தொடர்ப்பதிவுகளைப் பொறுமையாகத் திருத்திப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தது ஒன்றே அவர் செய்தது. இத்துறை இன்று நிற்பது அந்தப் பொறுமையின் மேல்தான் என்று கூறினால் மிகையாகாது.

அவர் நம்பியிருந்த கருவி காம்ப்டனும் பென்னெட்டும் வடிவமைத்த அயனியாக்கக் கலம். சுமார் 19 லிட்டர் கொள்ளளவுள்ள எஃகுக் கோளத்தில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 50 மடங்கு அழுத்தத்தில் ஆர்கான் வாயு அடைக்கப்பட்டிருக்கும். சுற்றிலும் ஈயக் குண்டுகள் நிரப்பி நிலத்தின் கதிரியக்கத்தைத் தடுத்திருப்பர். உள்ளே ஒரு சிறு துணைக் கலத்தில் யுரேனியம் இருக்கும். அது உண்டாக்கும் மின்னோட்டம் காஸ்மிக் கதிரின் சராசரி மின்னோட்டத்தை ஈடுகட்டிவிடும். எனவே மின்மானியின் ஊசி காட்டுவது மொத்த அளவை அல்ல, சராசரியிலிருந்து ஏற்படும் விலகலை மட்டும். ஊசியின் நிழல் மெதுவாக நகரும் ஒளிப்படத் தாளில் கோடாகப் பதியும். இத்தகைய கலங்கள் மேரிலாந்தின் செல்டனாம், பெருவின் ஆண்டீஸ் மலையிலுள்ள உவான்காயோ, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச், கிரீன்லாந்தின் கோட்ஹாவ்ன் ஆகிய இடங்களில் நிறுவப்பட்டு ஆண்டுக்கணக்கில் இயங்கின.

1937 ஏப்ரல் இறுதியில் கடுமையான காந்தப் புயல் ஒன்று வீசியது. அந்த நாள்களில் செல்டனாமிலும் உவான்காயோவிலும் ஒரே நேரத்தில் செறிவு பல சதவீதம் சரிந்திருப்பதை ஃபோர்புஷ் கண்டார். இன்ஸ்புருக் அருகே ஹாஃபெலேகர் மலையில் ஹெஸ்ஸும் அவருடைய உதவியாளரும் இதையே கண்டனர். சில மணி நேரத்தில் சரிந்து, பல நாள்கள் எடுத்து மெல்ல மீளும் இத்தகைய வீழ்ச்சி இன்று ஃபோர்புஷ் வீழ்ச்சி என்று அழைக்கப்படுகிறது.

1942 பிப்ரவரி 28, மார்ச் 7 ஆகிய நாள்களில் இதற்கு நேர்மாறாகச் செறிவு திடீரென உயர்ந்தது. அதே பிப்ரவரி இறுதியில் பிரிட்டிஷ் இராணுவ ரேடார்களைக் குழப்பிய இரைச்சல் சூரியனிலிருந்து வந்தது என்பதை ஜேம்ஸ் ஹே கண்டறிந்தார். 1946 ஜூலை 25இல் மீண்டும் ஓர் உயர்வு பதிவான பிறகுதான், இம்மூன்றும் சூரியன் வீசிய மின்னூட்டத் துகள்களாக இருக்கலாம் என்று ஃபோர்புஷ் எழுதினார். தரைமட்ட உயர்வுகள் என்று பெயர் பெற்ற இந்நிகழ்ச்சிகளின் வரிசையில் 1942 பிப்ரவரி 28 முதலாவதாக எண்ணப்படுகிறது.

ஃபோர்புஷின் மூன்றாவது கண்டுபிடிப்பே நிலைத்த புகழுடையது. 1937 முதல் 1952 வரையிலான பதிவுகளைத் திரட்டி 1954இல் அவர் வெளியிட்ட ஆய்வு, சூரியப் புள்ளிகள் மிகும்போது காஸ்மிக் கதிர் குறைவதையும் புள்ளிகள் குறையும்போது கதிர் மிகுவதையும் ஐயமறக் காட்டியது. அவருடைய கலங்களில் இந்தப் பதினோராண்டு ஏற்ற இறக்கம் சுமார் 4 சதவீதம்தான்.

புவியா, சூரியனா

ஃபோர்புஷ் வீழ்ச்சி காந்தப் புயலோடு சேர்ந்து வந்ததால் புவிக்காந்தமே அதற்குக் காரணம் என்று முதலில் கருதினர். புயலின்போது புவியைச் சுற்றி ஒரு வளைய மின்னோட்டம் உண்டாகிறது. அதன் காந்தப்புலம் துகள்களை விலக்குகிறது என்பது அன்றைய விளக்கம். ஆனால் புயல் வலுத்தும் கதிர் குறையாத நாள்கள் இருந்தன. சிறிய புயலில் பெரிய வீழ்ச்சி கண்ட நாள்களும் இருந்தன.

விடை காண வேறு கருவி தேவைப்பட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் சிம்ப்சன் 1948இல் நியூட்ரான் மானியை உருவாக்கினார். முதன்மைத் துகள் காற்றில் மோதும்போது பிறக்கும் நியூட்ரான்கள் மானியின் ஈயக் கட்டிகளில் பாய்கின்றன. ஓர் ஈயக் கரு மோதலில் சிதறி மேலும் பல நியூட்ரான்களை வெளியிடும். அவை பாரஃபின் மெழுகில் அல்லது பாலிஎத்திலீனில் பலமுறை மோதி வேகம் இழக்கும். வேகம் இழந்த நியூட்ரானைப் போரான் டிரைஃபுளோரைடு வாயு நிரப்பிய குழாயிலுள்ள போரான்-10 கரு விழுங்கி, லித்தியமாகவும் ஆல்ஃபா துகளாகவும் பிளக்கும். அந்தப் பிளவின் மின் துடிப்பே எண்ணப்படுவது. அயனியாக்கக் கலத்தைவிடக் குறைந்த விறைப்புள்ள துகள்களையும் இது உணர்வதால், சூரியனால் வரும் மாற்றங்கள் பல மடங்கு பெரிதாகத் தெரிந்தன. கொலராடோவின் கிளைமாக்ஸில், 3,400 மீட்டர் உயரத்தில், 1951இல் முதல் தொடர்ப்பதிவு நிலையம் இயங்கத் தொடங்கியது. 1957–58இன் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டில் இக்கருவிகள் உலகெங்கும் பரவின.

1956 பிப்ரவரி 23இல் தரைமட்டத்தில் இதுவரை பதிவானவற்றுள் மிகப் பெரிய சூரியத் துகள் வெள்ளம் வந்தது. இங்கிலாந்தின் லீட்ஸில் நியூட்ரான் எண்ணிக்கை இயல்பைப் போல் 40 மடங்குக்கு மேல் சென்றது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நிலையங்கள்கூட உயர்வைக் கண்டன. துகள்கள் வந்த விதத்தையும் பின்னர் மெல்லக் கரைந்த விதத்தையும் வைத்து, கோள்களிடை வெளி வெற்றிடம் அல்ல, காந்தப்புலம் நிறைந்தது என்று மையர், பார்க்கர், சிம்ப்சன் மூவரும் காட்டினர். இரண்டாண்டு கழித்து யூஜின் பார்க்கர் சூரியக் காற்றுக் கோட்பாட்டை எழுதினார். சூரியனின் வெளிமண்டலம் ஓயாமல் விரிந்து விநாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாய்கிறது. சூரியன் சுழல்வதால் அது இழுத்துச் செல்லும் காந்தக் கோடுகள் சுருளாக வளைகின்றன என்றார். கட்டுரையை மதிப்பிட்ட இருவரும் நிராகரிக்கச் சொன்னார்கள். இதழின் ஆசிரியராக இருந்த சுப்ரமணியன் சந்திரசேகர், கணிதத்தில் பிழை காணாததால் அவர்களை மீறி 1958இல் வெளியிட்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அந்த மேதையின் முடிவு இல்லாவிட்டால் இத்துறை சில ஆண்டுகள் பின்தங்கியிருக்கும்.

இறுதிச் சான்று 1960இல் கிடைத்தது. புவியிலிருந்து பல இலட்சம் கிலோமீட்டர் விலகிச் சென்றுகொண்டிருந்த பயனியர்-5 விண்கலம், புவியில் ஃபோர்புஷ் வீழ்ச்சி பதிவான அதே வேளையில் தானும் வீழ்ச்சியைக் கண்டது. புவிக்காந்தம் எட்டாத இடத்தில் நிகழ்ந்த வீழ்ச்சிக்குப் புவிக்காந்தம் காரணமாக முடியாது. சூரியன் வீசியெறியும் காந்தம் செறிந்த பிழம்பும் அதற்கு முன்னே செல்லும் அதிர்ச்சி அலையும் காஸ்மிக் கதிர்களைத் துடைத்துச் செல்வதே வீழ்ச்சி. காந்தப் புயலும் வீழ்ச்சியும் ஒரே சூரிய நிகழ்ச்சியின் இரு விளைவுகள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமல்ல.

பதினோராண்டு, இருபத்திரண்டாண்டு, நாள்வட்டம்

1965இல் பார்க்கர் எழுதிய கடத்தல் சமன்பாட்டில் நான்கு செயல்கள் இடம்பெறுகின்றன: காந்தப்புல ஒழுங்கின்மையில் துகள்கள் சிதறிப் பரவுதல், சூரியக் காற்றால் வெளியே அடித்துச் செல்லப்படுதல், விரியும் காற்றில் ஆற்றல் இழத்தல், வளைந்த புலத்தில் நகர்வு. சூரியன் முனைப்பாக இருக்கும் ஆண்டுகளில் புலம் வலுத்துக் குழம்புவதால் துகள்கள் உள்ளே வரச் சிரமப்படுகின்றன. துருவத்தை ஒட்டிய நியூட்ரான் மானிகளில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 20 சதவீதம். தென்னிந்தியாவில், உயர் வரம்பின் காரணமாக, சில சதவீதமே. சூரியப் புள்ளிகள் மாறிச் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை கழித்தே கதிர் மாறுகிறது.

நான்காவது செயலான நகர்வின் முக்கியத்துவத்தை 1977இல் ஜோக்கிப்பியும் உடனாய்வாளர்களும் உணர்த்தினர். சூரியனின் காந்த முனைகள் ஒவ்வொரு பதினோராண்டுச் சுழற்சியின் உச்சத்திலும் தலைகீழாகின்றன. அதற்கேற்பக் காஸ்மிக் கதிரின் உச்சமும் ஒரு சுழற்சியில் கூர்மையாகவும் அடுத்ததில் தட்டையாகவும் மாறி மாறி அமைகிறது. 1965, 1987, 2009 ஆண்டுகளின் உச்சங்கள் கூர்மையானவை. 1970களிலும் 1990களிலும் அமைந்தவை தட்டையானவை. எனவே உண்மையான சுழற்சி 22 ஆண்டு.

நாள்தோறும் ஏற்படும் மாறுபாடு இந்திய ஆய்வாளர்களின் சொந்தக் களம். விக்ரம் சாராபாய் போர்க்காலத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து திரும்பி, பெங்களூரில் சி. வி. ராமனின் மேற்பார்வையில் கைகர் எண்ணிகளைக் கொண்டு காஸ்மிக் கதிரின் நேரப் பரவலை ஆராய்ந்து 1942இல் முதல் கட்டுரை எழுதினார். வெப்பமண்டல அகலாங்குகளில் காஸ்மிக் கதிர் என்பதே 1947இல் கேம்பிரிட்ஜில் அவர் பெற்ற முனைவர் பட்டத்தின் பொருள். அதே ஆண்டு நவம்பரில் ஆமதாபாதில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். பாலக்காட்டின் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். இராமநாதன் அதன் முதல் இயக்குநர். ஆமதாபாத், கொடைக்கானல், திருவனந்தபுரம் என மூன்று இடங்களில் குறுகிய கோணத்தில் வானைப் பார்க்கும் எண்ணித் தொகுதிகள் வைக்கப்பட்டன. கொடைக்கானலில் நியூட்ரான் மானியும் இயங்கியது. 2,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் 17 கிகாவோல்ட்டுக்கு மேற்பட்ட வரம்பும் ஒருங்கே அமைந்த அரிய இடம் அது.

வெப்பமண்டலத்தில் இவ்வாய்வு செய்வோர்க்குத் தனி இடர் ஒன்று உண்டு. நம் பகுதியில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். காலை பத்து மணியளவில் உச்சம், மாலை நான்கு மணியளவில் தாழ்வு. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் நியூட்ரான் எண்ணிக்கை சுமார் 0.7 சதவீதம் குறையும். தேடும் நாள்வட்ட மாறுபாடோ வெறும் 0.4 சதவீதம். அழுத்தத் திருத்தத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் இல்லாத பன்னிரண்டு மணி நேர மாறுபாடு ஒன்று தோன்றிவிடும். காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் துகள்களுக்கு வெப்பநிலைத் திருத்தமும் வேண்டும்: காற்று சூடாகி விரிந்தால் மியூவான்கள் இன்னும் உயரத்தில் பிறந்து, வழியில் சிதைபவை கூடுதலாகின்றன.

இத்திருத்தங்களுக்குப் பின் எஞ்சுவது உண்மையான மாறுபாடு. புவிக்காந்தம் ஒவ்வொரு நிலையத்தின் பார்வையையும் எந்தத் திசைக்குத் திருப்புகிறது என்பதை சாராபாயின் மாணவர் யு. ஆர். ராவ், கென் மெக்ராக்கன், டி. வெங்கடேசன் மூவரும் 1963இல் கணித்தனர். அக்கணிப்பின்படி, விண்வெளியில் உச்சம் உள்ளூர் நேரம் மாலை ஆறு மணித் திசையில் அமைகிறது. சூரியனோடு சேர்ந்து சுழலும் காந்தச் சுருள், புவி வட்டணையில் விநாடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் துகள்களை இழுத்துச் சென்று, 30 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் புவியைப் பின்னாலிருந்து முந்துவதே இதன் காரணம்.

உதகமண்டலமும் 2015 ஜூன் நிகழ்வும்

உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் 2,200 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கு ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து அமைத்த கிரேப்ஸ்-3 ஆய்வுத் தொகுதியில், 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி உள்ளது. ஆறு மீட்டர் நீளமுள்ள சதுர எஃகுக் குழாய்கள் 3,712. ஒவ்வொன்றும் ஆர்கானும் மீத்தேனும் கலந்த வாயு நிரப்பிய விகிதசம எண்ணி. நான்கு அடுக்காக, ஓர் அடுக்குக்கு மறு அடுக்குச் செங்குத்தாக, அடுக்கி வைத்து மேலே இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட கனத்தில் கான்கிரீட் கட்டிகளை ஏற்றியிருக்கிறார்கள். அதைத் துளைத்து வரும் மியூவானின் வழியை நான்கு அடுக்குகளும் சேர்ந்து காட்டும். நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்கள் எண்ணப்படுவதால், மிகச் சிறிய மாற்றமும் தப்புவதில்லை.

2015 ஜூன் 22 அன்று, உலக நேரம் 18:40க்கு சூரியன் வீசிய பிழம்பு புவியை வந்து மோதியது. கடுமையான காந்தப் புயல் தொடங்கியது. 19:00 மணி முதல் இரண்டு மணி நேரம் உதகமண்டலத் தொலைநோக்கியில் மியூவான்கள் குறைவதற்கு மாறாக உயர்ந்தன. இந்தியாவில் அப்போது நள்ளிரவு கடந்த நேரம். சூரியத் துகள்கள் அல்ல இவை. 20 கிகா எலெக்ட்ரான்வோல்ட் அளவிலான விண்மீன் மண்டலத் துகள்கள். கோள்களிடைக் காந்தப்புலம் அப்போது 40 நானோடெஸ்லா அளவுக்குப் பாய்ந்து எழுந்தது. உயர்வின் வடிவம் அதை ஒத்திருந்தது. அப்புலம் 17 மடங்கு நெருக்கப்பட்டு 680 நானோடெஸ்லா ஆகிப் புவிக்காந்தத்தோடு இணைந்ததால் வரம்பு விறைப்பு சற்று நேரம் தாழ்ந்தது; வழக்கமாகத் தடுக்கப்படும் துகள்கள் உள்ளே நுழைந்தன என்று 2016இல் கிரேப்ஸ்-3 குழு விளக்கியது. நகோயா, ஹோபார்ட், குவைத், பிரேசில் ஆகிய இடங்களின் மியூவான் கருவிகளை இணைத்து ஆராய்ந்தோர், புவிக்காந்தத்துக்கு வெளியே கதிர்களின் அடர்த்தியும் திசைப்பாங்கும் மாறியதே காரணம் என்று 2018இல் வேறாக எழுதியுள்ளனர். ஆயினும் ஒன்பது தனித்தனித் திசைகளிலும் உயர்வு ஒரே நேரத்தில் தோன்றியது, அதன் தோற்றுவாய் புவிக்கு அருகில் என்பதற்கே வலுச் சேர்க்கிறது. புவிக் கவசத்தின் தற்காலிகத் தளர்வாகவே இந்நிகழ்வு இங்குக் கொள்ளப்படுகிறது. உலகிலேயே வரம்பு மிக உயர்ந்த இடத்தில் இவ்வளவு பெரிய கருவி இருந்ததால்தான் இத்தகைய தளர்வை அளக்க முடிந்தது.

பழங்காலப் பதிவுகள்

கருவிகள் தோன்றுமுன் நிகழ்ந்த மாற்றங்கள் மரங்களிலும் பனிப்பாறைகளிலும் பதிந்துள்ளன. காஸ்மிக் கதிர் காற்றில் மோதி உண்டாக்கும் கார்பன்-14 மரத்தின் ஆண்டு வளையத்திலும் பெரிலியம்-10 துருவப் பனியிலும் தங்குகிறது. சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய மறைந்துபோன 1645–1715 காலத்தில் இரண்டும் மிகுந்திருந்தன. 2012இல் ஃபூசா மியாக்கேயும் உடனாய்வாளர்களும் ஜப்பானின் யாக்கு தீவுத் தேவதாரு மரங்களில் கி.பி. 774–775க்கு இடையே கார்பன்-14 ஒரே ஆண்டில் 1.2 சதவீதம் எழுந்ததைக் கண்டனர். இது மாபெரும் சூரியத் துகள் வீச்சின் தடம். 1956ஆம் ஆண்டு நிகழ்வு இதன்முன் சிறியது.

இன்றைய நிலை

வாயேஜர்-1 2012 ஆகஸ்ட் 25இலும் வாயேஜர்-2 2018 நவம்பர் 5இலும் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்து, சூரியனால் குறையாத செறிவை நேரில் அளந்தன. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2011 முதல் ஏ.எம்.எஸ். கருவி துகள் வகைவாரியாக அளக்கிறது. 2009இல் விண்வெளி யுகத்தின் மிக உயர்ந்த செறிவு பதிவானது. 2024 மே 11இல் பெரும் காந்தப் புயலுக்கும் ஃபோர்புஷ் வீழ்ச்சிக்கும் நடுவே ஒரு தரைமட்ட உயர்வும் நிகழ்ந்தது. விமானப் பணியாளரின் கதிர்வீச்சு அளவு, செயற்கைக்கோள் பாதுகாப்பு, விண்வெளி வீரர் பயணம் ஆகியவற்றில் இவ்வளவீடுகள் பயன்படுகின்றன. நெடுங்காலம் இயங்கிய கிளைமாக்ஸ் நிலையம் 2006இல் மூடப்பட்டது. தாய்லாந்தின் தோய் இந்தனோன் மலையில் 2007 முதல் இயங்கும் மானியே இன்று செயல்படும் நியூட்ரான் மானிகளுள் மிக உயர்ந்த வரம்பு கொண்டது. ஓலு நிலையம் 1964 முதல் பதிவு செய்துவருகிறது. அதன் அளவுகளையும் மற்றப் பல நிலையங்களின் அளவுகளையும் இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.